பின்சீட்டில் உட்கார்ந்து வாங்கிய வண்டி

பாபநாசத்தில் ரெமிஜியஸ் சாரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவருடைய முழு முகத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஊர் பார்த்ததெல்லாம் பாதி முகம். மீதிப் பாதியை, ஸ்கூட்டர் ஓட்டும் அவர் மனைவி ஜாய்ஸின் ஹெல்மெட் மறைத்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது ஜாய்ஸ், பின்னால் உட்காருவது ரெமிஜியஸ். அவர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவள் கிராம சுகாதாரச் செவிலியர். காலையில் அவரைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவள் தன் கிராமங்களைப் பார்க்கப் போவாள்.

வண்டி ஓட்ட அவருக்கு ஏன் தெரியாது என்று கேட்டால் அதற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. முதலில் அவசியம் வரவில்லை, பிறகு தைரியம் வரவில்லை, அதற்குள் வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பின்சீட்டில் உட்காருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வளைவில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும், வேகத்தடை வருகிறபோது உடம்பை எப்போது தளர்த்த வேண்டும், மடியில் தடுப்பூசிப் பெட்டி இருந்தால் எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்குப் ‘பின்சீட்டு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் உளுந்து புகுந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் டெல்டாவில் உளுந்து அறுவடை. நெல்லறுத்த வயலில் போட்ட உளுந்தை அடிப்பதற்குக் களம் தேடி யாரும் அலைவதில்லை. செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிட்டால் போதும், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் சம்பளம் கேட்காமல் மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் சருகை உதறி உளுந்தை வாரிக்கொண்டு போகலாம். இரண்டு சக்கரத்தில் வருகிறவர்கள் பாடு கடவுள் விட்ட வழி. ஒரு வெள்ளிக்கிழமை ஜாய்ஸ் கிராமத்திலிருந்து தனியாகத் திரும்பி வரும்போது அந்தச் செடிகளின் மேல் பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஸ்கூட்டரின் மூக்கு நசுங்கியது, ஜாய்ஸின் வலது மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

கட்டுப் போட்ட டாக்டர், ஆடி மாதம் வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு மேஜை வேலை கொடுத்தார்கள். அவள் கிராமங்களைப் பார்த்துக்கொள்ள வேறொரு செவிலியரைப் போட்டார்கள். எலும்பு உடைந்தபோது கண் கலங்காத ஜாய்ஸ், அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

“எழில்மொழியை யாருங்க பார்த்துக்குவா? புதுசா வந்த சிஸ்டரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கிட்டாளாம்.”

எழில்மொழியை ரெமிஜியஸுக்குத் தெரியும். பார்த்ததில்லை, கேட்டுக் கேட்டே தெரியும். குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். இரண்டு முறை கரு கலைந்துபோனதில் ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குக் குலை நடுக்கம். இது மூன்றாவது. ஆறு மாதம் முடியப்போகிறது, ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. ஜாய்ஸ் வாராவாரம் போய்ப் பார்த்துப் பேசித்தான் அவளை இதுவரை கொண்டுவந்திருக்கிறாள். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. ஆட்டோ மதகு வரைக்கும்தான் போகும், அதற்குமேல் ஒற்றையடிக் கரை. சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டரம்மா நல்லவர், “நீங்க போய்ப் பார்க்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல சிஸ்டர், எப்படிப் போவீங்கங்கிறதுதான் கேள்வி” என்று சொல்லியிருந்தார்.

ரெமிஜியஸ் தட்டில் கையைக் கழுவினார். “நான் ஓட்டுறேன்” என்றார்.

“எதை?”

“வண்டியை. லீவுதானே விடப்போறாங்க. கத்துக்கிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

ஜாய்ஸ் அழுத கண்ணோடு அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உடைந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். ரெமிஜியஸுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில்தான் மறுநாளே எல்.எல்.ஆர். எடுத்தார்.

கற்றுக்கொடுக்க வந்தவர் அதே பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் புகழேந்தி. ரெமிஜியஸின் நண்பர். அவர் வைத்திருப்பது பெரிய கனத்த வண்டி. அது தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இருக்கும் பாத்திரங்களுக்குத் தெரிந்துவிடும். நல்லவேளையாகப் பாடம் நடந்தது அந்த வண்டியில் இல்லை, வாட்ச்மேனின் பழைய வண்டியில். விடுமுறை விட்ட மைதானத்தில் ரெமிஜியஸ் கிளச்சை விட்டார், வண்டி துள்ளியது. மறுபடியும் விட்டார், அணைந்தது. கோல் போஸ்ட்டை ஒருமுறை முட்டினார். ஒரு வாரத்தில் மைதானத்தைச் சுற்றி வந்தார், அடுத்த வாரம் கியர் மாற்றிக்கொண்டே சுற்றி வந்தார். பெரிய சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரப்படாத மனிதர். அது பாதி வித்தை.

பிறகுதான் வண்டி வாங்கும் படலம் வந்தது. ஸ்கூட்டர் இன்னும் மெக்கானிக்கிடம் கிடந்தது. தவிர, கரைப் பள்ளத்துக்கெல்லாம் அந்தச் சின்னச் சக்கரம் ஆகாது என்று ஜாய்ஸே சொல்லிவிட்டாள். பெரிய சக்கரமுள்ள கியர் வண்டிதான் வேண்டும். எந்த வண்டி என்பதில் ஊரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. மீன் கடையில்கூட சொன்னார்கள். புகழேந்திக்கோ கருத்தே கிடையாது, தீர்ப்புதான்.

“கனமான வண்டிதான் சார் சேஃப்டி. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். லாரி பக்கத்துல போனாலும் அசையாது. லேசு வண்டியெல்லாம் காத்தடிச்சாப் பறக்கும்.”

தஞ்சாவூரில் புகழேந்தி அழைத்துப்போன ஷோரூமில் அப்படி ஒரு வண்டி நின்றது. கறுப்பு. டேங்கில் முகம் தெரிந்தது. “உக்காந்து பாருங்க சார்” என்றார் அங்கே விற்பனைக்கு நின்ற இப்ராஹிம். ரெமிஜியஸ் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது, மறைக்க முன்னால் யாரும் இல்லை. அவருக்கு அந்த வண்டி பிடித்துப்போய்விட்டது என்பதை மறைப்பானேன். காலேஜில் படிக்கிற காலத்தில் இப்படி ஒரு வண்டியில் கும்பகோணம் சாலையில் போவதாக நினைத்துக்கொண்டே பஸ்ஸில் தொங்கியவர் அவர். இப்போது கால் விரல்தான் தரையில் பட்டது, குதிகால் படவில்லை. அதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

“எடுத்துடலாமா சார்?” என்றார் புகழேந்தி, தானே வாங்குகிற சந்தோஷத்தோடு.

“ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்” என்றார் இப்ராஹிம். ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, “ஏறுங்க சார்” என்றார்.

ரெமிஜியஸ் ஏறினார். பின்சீட்டில்.

இத்தனை வருஷத்துக் கால்கள், ‘ஏறுங்க’ என்றதும் அவை அங்கேதான் போகும். இப்ராஹிம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார், சார் பின்னால் உட்கார்ந்திருந்தார், நடுவில் ஓட்டுகிறவர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. “சார்... முன்னாடி” என்றார் இப்ராஹிம் மெதுவாக. புகழேந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார். கணக்குப் பார்க்கும் பெண்கூட எழுந்து வந்து பார்த்தாள். ரெமிஜியஸுக்குக் காது சூடாகிவிட்டது. இறங்கப் பார்த்தார். இறங்குவதற்குப் பிடிமானம் தேடினார். பின்னால் கையை விட்டுத் துழாவினால் கம்பியே இல்லை.

அங்கேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜாய்ஸ் சேலை கட்டுகிறவள். அவர் பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்காரப்போகிறாள், கால் இரண்டும் இடப்பக்கம். அப்படி உட்கார்ந்தால் வலது கை ஓட்டுகிறவரின் தோளைப் பிடிக்கும், இடது கை பின்கம்பியைப் பிடிக்கும். அவள் வலது கைக்கோ கட்டுப் போட்டிருக்கிறது. இடது கைக்குப் பிடிக்கக் கம்பியும் இல்லாவிட்டால் அவள் எதைப் பிடிப்பாள்? இந்த வண்டியை வாங்க வந்தது யாருக்காக? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணாடியில் முகம் பார்த்துப் பூரித்ததை நினைத்து அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பின்சீட்டில் ஏறியதற்கு வந்த வெட்கம் அதோடு போய்விட்டது.

“தம்பி, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடியே உக்காந்து பார்க்கிறேன்” என்றார்.

அன்று மதியம் தஞ்சாவூர் கடைத்தெருவில் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். மீசை வைத்த ஒரு மனிதர், வேட்டியை இழுத்து முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, வலது கையை மார்போடு மடக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் பிடித்தபடி வண்டி வண்டியாக மாறி மாறிப் போனார். முன்னால் இப்ராஹிம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஓட்டினார். “பிரேக் போடுங்க” என்பார் சார். போடுவார். “இன்னும் கொஞ்சம் சடாருன்னு.” போடுவார். ஒன்றில் சீட்டு முன்பக்கமாகச் சரிந்து அவரை இப்ராஹிமின் முதுகில் ஒட்டியது. ஒன்றில் கால் வைக்கும் கம்பி உள்ளங்கால் அகலத்துக்குக்கூட இல்லை. சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர், “என்ன பாய், பொண்ணு அழைச்சிட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். இப்ராஹிமின் தோள் குலுங்குவதை ரெமிஜியஸால் பார்க்க முடிந்தது.

கடைசியில் அவர் கை காட்டியது ஒரு சாதாரண வண்டி. நீளமான தட்டைச் சீட்டு. பின்னால் கை நிறையப் பிடிக்கக் கனமான கம்பி. சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்க இடப்பக்கம் அகலமான கார்டு, அதன் கீழே கால் முழுக்க வைக்கப் பலகை. பிறகுதான் முன்சீட்டில் ஏறினார். இரண்டு பாதமும் குதிகால் வரைக்கும் தரையில் பதிந்தன. உளுந்தை நினைத்துக்கொண்டு பிரேக்கைப் பற்றிக் கேட்டார்.

“சடாருன்னு பிடிச்சாலும் முன்சக்கரம் லாக் ஆகாது சார், ஏ.பி.எஸ். இருக்கு. ஆனா உளுந்து மேலயெல்லாம் எதுவும் கேரண்டி இல்ல சார். மெதுவாப் போறதுதான் கேரண்டி” என்றார் இப்ராஹிம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை ரெமிஜியஸுக்குப் பிடித்துவிட்டது.

புகழேந்திக்கு மனசு ஆறவில்லை. “சார், இது பால்காரர் வண்டி சார்” என்றார் பாபநாசம் வரும்வரை.

ஃபாதர் மந்திரிக்காமல் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று ஜாய்ஸ் சொல்லிவிட்டாள். கோயில் வாசலில் தீர்த்தம் தெளிக்க வந்த ஃபாதர் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, “எல் போர்டு மேல கொஞ்சம் கூடுதலாவே தெளிச்சிடுறேன்” என்றார். கற்றுக்கொள்கிறவர் பின்னால் லைசென்ஸ் உள்ளவர்தான் உட்காரலாம் என்பது சட்டம். ஆக, சட்டமே ஜாய்ஸை அவர் பின்னால் உட்கார வைத்தது.

முதல் பயணத்தில் ஒன்று தெரிந்தது. ஜாய்ஸுக்குப் பின்சீட்டில் உட்காரவே தெரியவில்லை. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாய்ந்தாள். “கியரைக் குறைங்க. ஹாரன் அடிங்க. அந்த ஆட்டைப் பாருங்க” என்று வழி முழுக்கப் பேசினாள். பின்கம்பியையே பிரேக்காக நினைத்து இடது கையால் அழுத்தினாள். ரெமிஜியஸ் கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தார். சாலை முழுக்கத் தெரிவது அவருக்குப் புதுசு, அவள் தோள் இல்லாமல் சாலை இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் உளுந்து வந்தது. சாலையின் அகலத்துக்குப் பரப்பியிருந்தார்கள். ரெமிஜியஸ் வேகத்தைக் குறைத்தார், இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினார். “இறங்கு” என்றார்.

“எல்லாரும் மேல ஏத்திக்கிட்டுத்தானே போறாங்க?”

“போகட்டும்.”

செடியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அம்மாள், “ஏத்துங்க சார், மிதிபட்டாத்தானே உடையும்” என்று கூவினார். பின்னால் வந்த பையன்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு பறந்தார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய பழைய மாணவன். “பின்சீட்டு சார்டா!” என்று கத்திவிட்டுப் போனான். ரெமிஜியஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகவே நடந்தார். ஜாய்ஸ் பக்கத்தில் நடந்து வந்தாள். அதற்குப் பிறகு அவள் கியரைப் பற்றிப் பேசவில்லை.

அப்படி இரண்டு வாரம் போய்வந்தார்கள். எழில்மொழி கதவைத் திறந்தாள், மருந்து சாப்பிட்டாள், மோர் கொடுத்தாள். மூன்றாவது வாரம் அவள் கதவருகே வரவில்லை. உள்ளே பாயில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது. “கண்ணுல பூச்சி பறக்குது நர்சம்மா” என்றாள். ரெமிஜியஸ் பம்ப்பை அழுத்த, ஜாய்ஸ் இடது கையால் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து அழுத்தம் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. உடனே போன் செய்தாள். ஆம்புலன்ஸ் மதகு வரைக்கும் வரும். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எழில்மொழியின் புருஷன் லாரியில் எங்கோ வடக்கே இருந்தான்.

தெருவில் இரண்டு வண்டிகள் நின்றன, ஓட்டவும் ஆள் வந்துவிட்டது. இரண்டிலும் பின்சீட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிடிக்க ஒரு கம்பி இல்லை. ஜாய்ஸ் அவற்றைப் பார்த்தாள், பிறகு ரெமிஜியஸ் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கூட்டிட்டு வாங்க. நான் கூடவே நடந்து வர்றேன்.”

“நானா? எல் போர்டு...”

“இந்த அரை கிலோமீட்டருக்கு எந்த போலீஸும் வர மாட்டாங்க. நீங்கதான்.”

எழில்மொழி ஜாய்ஸின் கையை விடவில்லை. “நீங்க ஓட்டுறதா இருந்தா வர்றேன் நர்சம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

“இத்தனை வருஷமா என் பின்னாடி உக்காந்து வந்தவரும்மா இவரு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு எங்க தூக்கிப்போடும், எங்க பயமா இருக்கும்னு இவருக்குத் தெரியற மாதிரி எனக்கே தெரியாது. ஏறு.”

மனைவி தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. அதை நினைத்து மகிழ நேரமில்லை. எழில்மொழி ஏறி இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்தாள், காலைப் பலகையில் வைத்தாள். ரெமிஜியஸ் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், இரண்டு காலையும் தரையை உரசும்படி தொங்கவிட்டுக்கொண்டு கரைமேல் ஓட்டினார். பக்கத்தில் ஜாய்ஸ் நல்ல கையை எழில்மொழியின் முதுகில் வைத்தபடி நடந்தாள். பள்ளம் வருவதற்கு முன்னால், “அம்மா, இப்ப ஒரு குலுக்கல் வரும், உடம்பை லேசா விட்டுக்க” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மதகுக்குக் கொஞ்சம் முன்னால் கரை சரிந்திருந்தது. மண் உதிர்ந்து பின்சக்கரம் வாய்க்கால் பக்கம் இழுத்தது. வண்டி சாய்ந்தது. ரெமிஜியஸ் இரண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றினார். நின்றது. அந்தக் கறுப்பு வண்டியாக இருந்திருந்தால் கால் விரலால் தாங்கியிருக்க முடியாது, அத்தனை கனமும் அவள்மேல் விழுந்திருக்கும். எழில்மொழி கத்தவில்லை. “பிடிச்சிருக்கேன் சார்” என்றாள்.

ஆம்புலன்ஸ் அவளையும் ஜாய்ஸையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அழுதார் என்றும் சொல்ல வேண்டும், பார்க்க அங்கே யாரும் இல்லை. பிறகு காலிப் பின்சீட்டோடு வீட்டுக்குப் போனார். வழியில் உளுந்து வந்தபோது இறங்கித் தள்ளினார். இரண்டு நாள் கழித்து ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற சின்ன உருவம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆனால் அழுகை மட்டும் வார்டு முழுக்கக் கேட்டதாம்.

ஆடி பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. ஜாய்ஸின் கை சரியாகி, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஸ்கூட்டரும் புது மூக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ரெமிஜியஸுக்கு லைசென்ஸும் வந்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குத் திரும்பியிருந்த எழில்மொழியையும் பிள்ளையையும் பார்க்கக் கிளம்பினார்கள்.

ரெமிஜியஸ் கதவைப் பூட்டிவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் ஸ்கூட்டரின் பின்சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஜாய்ஸைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், தடுப்பூசிப் பெட்டியும் கையுமாக, இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“ஸ்கூட்டர்தான் ரெடி ஆயிடுச்சே” என்றார்.

“ஆகட்டும். வண்டியை எடுங்க.”

எடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள், பெட்டியை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டாள். பின்கம்பியைப் பிடிக்கவில்லை. கட்டுப் பிரித்து இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்த வலது கையை அவர் தோள்மேல் வைத்தாள். இத்தனை மாதத்தில் அந்தக் கை அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

ரெமிஜியஸ் வண்டியை நகர்த்தாமல் அப்படியே நின்றார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க” என்றாள் ஜாய்ஸ். கையை எடுக்கவில்லை.